புருவக்காவின் காது

யானைப் படத்தைக் காட்டினால் யானை என்று சொல்வதற்கு என்ன கேடு? மூன்று வயதுக் குழந்தை சொல்லிவிடும். ஆனால் ரேடியோ சொல்லமாட்டார். படத்தை ஒரு பார்வை பார்த்தார். மூக்கால் சின்னதாக ஒரு மூச்சு இழுத்தார். "மாமியார்" என்றார்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற டாக்டரம்மா பேனாவை மேசைமேல் வைத்துவிட்டார். அதுவரை காட்டிய படங்களில் பாதிக்கு இதே கதைதான். கழுதையைக் காட்டினால் மச்சான். கோயில் மணி மாதிரி ஒரு மணியைக் காட்டினால், பொண்டாட்டி கூப்பிடும் சத்தம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. நாளை மறுநாள் மண்டையைத் திறக்கப் போகிறார்கள், மனுஷனுக்கு இப்போதும் நக்கல் வேண்டியிருக்கிறது.

ரேடியோ என்பது தெருக்காரர்கள் வைத்த பெயர். சலூன்காரர். கடையைத் திறந்ததிலிருந்து சாத்தும்வரை வாய் ஓயாது. கடைக்கு நடுவில் ஒரு திரை உண்டு. திரைக்கு அந்தப் பக்கம் பெண்களுக்கு. அங்கே அவர் மனைவி முடி வெட்டுவாள், புருவம் திருத்துவாள். வருகிற பெண்களுக்கு அவள் புருவக்கா. புருவம் எடுக்கும்போது நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொள்ள வேண்டும், வாயைத் திறக்க முடியாது. ஆக, கல்யாணமான புதிதிலிருந்து இந்தப் பக்கம் அவர் பேசுவார், அந்தப் பக்கம் அவள் பல்லில் நூலோடு கேட்டுக்கொண்டிருப்பாள்.

முகம் தெரியாமல் குரலை மட்டும் கேட்டுப் பழகியதில் அவளுக்கு ஒன்று பிடிபட்டிருந்தது. ரேடியோ கதை விடுவதற்கு முன்னால் கத்திரிச் சத்தம் சட்டென்று நிற்கும். மூக்கால் ஒரு மூச்சு இழுப்பார். அப்புறம்தான் சரக்கு வெளியே வரும். மூச்சு வராவிட்டால் அவர் சொல்வது நிஜம். இது அவருக்கே தெரியாது. தெரிந்தால் மாற்றிக்கொள்வார் என்று அவள் சொல்லவும் இல்லை.

அப்படிப்பட்ட வாய்க்குத்தான் வியாதி வந்தது. வேகமாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே தாடை தானாகத் துடிக்கும். சொல் பாதியில் நின்றுவிடும். கண் எங்கோ போய்விடும். கொஞ்ச நேரம் கழித்து ஒன்றும் நடக்காதது போலத் திரும்பி வருவார். முதலில் அதையும் நாடகம் என்றுதான் அவள் நினைத்தாள். ஒருநாள் ஒருவரின் கழுத்தில் சவரக் கத்தி இருக்கும்போது வந்துவிட்டது. காது மடலுக்குக் கீழே ஒரு கோடு, வெள்ளைத் துணியெல்லாம் ரத்தம். தோலோடு போனது அந்த மனிதர் செய்த புண்ணியம்.

மண்டையை ஸ்கேன் எடுத்துப் பார்த்த பெரிய டாக்டர், "பேசினா வர்ற வலிப்பு இது. ரொம்ப அபூர்வம். என் சர்வீஸ்ல நீங்க ரெண்டாவது ஆள்" என்றார்.

"முதல் பரிசு போச்சா" என்றார் ரேடியோ.

பெரிய டாக்டர் சிரிக்காமல் விளக்கினார். இடது பக்கம், பேச்சுக்கான இடத்தை ஒட்டி ஒரு சின்னக் கட்டி. அதை எடுத்தால் வலிப்பு நிற்கும். ஆளை விழிக்க வைத்துத்தான் செய்ய வேண்டும். "மூளைக்கு வலி தெரியாது. ஒரு குச்சியால ஒவ்வொரு இடமா லேசா மின்சாரம் குடுப்பேன். அப்ப இவர் படத்தைப் பாத்துப் பேர் சொல்லணும். பேர் தப்பினா அந்த இடம் பேச்சுக்கு வேணும்னு அர்த்தம், தொடமாட்டேன். சரியாச் சொன்னா எடுத்துடுவேன். அதிகமா விட்டா வலிப்பு நிக்காது. அதிகமா எடுத்தா பேச்சு போயிடும்."

அதற்காகத்தான் இந்தப் படப் பரீட்சை. இவரோ பரீட்சையில் மாமியாரைக் கூட்டி வருகிறார்.

"உள்ள இவர் வேணும்னே தப்பாச் சொன்னா, எது விளையாட்டு, எது நிஜமான தப்புன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று டாக்டரம்மா அலுத்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியும்" என்றாள் புருவக்கா.

சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான். டாக்டரம்மா விடவில்லை. அவளைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்து இன்னும் கொஞ்சம் படங்களைக் காட்டினார். ரேடியோ குஷியாகிவிட்டார், இஷ்டத்துக்கு அளந்தார். புருவக்கா திரும்பிப் பார்க்காமலே விளையாட்டு, நிஜம், விளையாட்டு என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஒன்றுகூடப் பிசகவில்லை.

அன்று மாலையே முடிவாகிவிட்டது. ஆபரேஷன் அறைக்குப் பக்கத்து அறையில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அவள் உட்காருவாள். காதில் ஹெட்போன். அவர் தப்பாக ஏதாவது சொன்னால் மைக்கில் ஒரே சொல், விளையாட்டா நிஜமா என்று.

"நான் சொல்றதை வச்சா டாக்டர் வெட்டுவீங்க?"

"வெட்டுறது என் முடிவும்மா, அதுக்கு நான் பொறுப்பு" என்றார் பெரிய டாக்டர். "நீங்க நிஜம்னு சொன்னாலும், தெரியலைன்னு சொன்னாலும் அந்த இடத்தை மறுபடி தொட்டுப் பாப்பேன். விளையாட்டுன்னா, பேர் சரியாச் சொன்ன மாதிரி வச்சு, எடுத்துட்டு மேல போவேன். அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம். புருவ முடி ஒன்று கூடுதலாகப் போனாலே ஒரு வாரம் தூக்கம் வராதவள் அவள். போன முடியாவது திரும்ப முளைக்கும்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஆஸ்பத்திரியின் நாவிதர் வந்து இடது பக்க முடியை எடுத்தார். ரேடியோ கண்ணாடி கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு, மெஷினை எதிர்த்து ஓட்டாதே, காதுக்கு மேலே கோடு நேராக வரட்டும் என்று அந்த ஆளை ஒரு வழி பண்ணிவிட்டார். அந்த ஆள் போனதும் புருவக்கா கதவைச் சாத்தினாள்.

"நாளைக்கு மட்டும் ஒழுங்கா இருங்க. யானைன்னா யானை. கால்ல விழட்டுமா?"

"சரி. உன் தலை மேல சத்தியம். என் தலையை நாளைக்குத் தொறக்கப் போறாங்க, அது மேல சத்தியம் பண்ணினா செல்லாது."

"பாத்தீங்களா, இப்பவே."

ரேடியோ கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தார். அப்புறம், "பயமா இருக்குடி" என்றார். மூச்சு வரவில்லை. அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கத்திரி பிடித்துப் பிடித்துக் கட்டைவிரலில் காய்ப்பு ஏறிய கை.

மறுநாள் கண்ணாடி வழியாக அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பச்சைத் துணிகளும் முதுகுகளும்தான். துணிக்குக் கீழே எங்கோ அவர் ஒருக்களித்துப் படுத்திருந்தார். அவர் முகத்துக்கு நேரே டாக்டரம்மா படங்களைப் பிடித்திருந்தார். மூச்சுச் சத்தம் மட்டும் ஹெட்போனில் காதுக்குள்ளேயே கேட்டது. அவளுக்குப் பக்கத்தில் மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்த டெக்னீஷியன் பெண், "தண்ணி குடிங்கக்கா" என்று பாட்டிலை நீட்டினாள். அவள் அதை வாங்கி, மூடியைத் திறக்காமலே மடியில் வைத்துக்கொண்டாள்.

"கப்பு" என்றார் ரேடியோ. "நாற்காலி. நாய். குடை."

எல்லாம் சரி. நல்ல பிள்ளையாக ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். குரல் கொஞ்சம் குழைந்திருந்தது, மருந்து. நடுவே ஒரு படத்துக்குச் சத்தமே வரவில்லை. பெரிய டாக்டர் குச்சியை எடுத்தார், இன்னொரு முறை தொட்டார், மறுபடியும் சத்தமில்லை. தொடக்கூடாத இடம் என்பதற்கு அடையாளமாக அங்கே சின்னதாக ஒரு காகிதத் துண்டை ஒட்டினார். அந்த மௌனத்தில் புருவக்காவுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

அப்புறம் யானை வந்தது. மூக்கில் ஒரு மூச்சு.

"மாமியார்."

பச்சைத் துணிகள் எல்லாம் அசையாமல் நின்றன. பெரிய டாக்டர் தலையைத் திருப்பாமல், "அம்மா?" என்றார்.

"விளையாட்டு" என்றாள் புருவக்கா. வீட்டுக்கு வரட்டும், இருக்கிறது இவருக்கு என்று நினைத்துக்கொண்டாள். உள்ளே யாரோ சிரித்தார்கள். நர்ஸ்களில் ஒருத்தி நன்றாகவே சிரித்தாள். கேட்கவேண்டுமா, கூட்டம் சிரித்தால் ரேடியோவுக்கு வேறென்ன வேண்டும்? அடுத்து இன்னொன்று விட்டார். அதற்கும் மூச்சு வந்தது, அதற்கும் அவள் விளையாட்டு என்றாள். அறையே இளகிவிட்டது. டெக்னீஷியன் பெண்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மண்டை திறந்திருக்கிற ஆளைச் சுற்றி நின்றுகொண்டு இத்தனை பேர் சிரிப்பதைப் பார்க்க அவளுக்கு ஒரு பக்கம் பெருமையாகவும் இருந்தது, அதை ஏன் மறைக்கவேண்டும்?

அடுத்த படம் கத்திரிக்கோல்.

"என் பொண்டாட்டி."

குபீரென்று சிரிப்பு. ரேடியோ வழக்கமாகச் சொல்வதுதான். என் பேச்சை நடுவில் வெட்டுவதற்கென்றே கட்டிக்கொண்டு வந்தேன் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். பொருத்தமான பதில். அவர் வாயிலிருந்து வரக்கூடிய பதில்.

மூச்சு மட்டும் வரவில்லை.

புருவக்காவின் கை ஹெட்போனை இன்னும் இறுக்கமாகக் காதோடு அழுத்தியது. ஒருவேளை சிரிப்புச் சத்தத்தில் கேட்காமல் போயிருக்குமோ? இல்லை, சிரிப்பு பிறகுதான் வந்தது. மருந்தில் மூச்சு மாறியிருக்குமோ? யானைக்கு மாறவில்லையே. "அம்மா?" என்றார் பெரிய டாக்டர். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே ரேடியோவும் சிரித்தார். அவரே சிரிக்கிறார், அப்புறம் என்ன? அது நிஜமாக இருக்கக்கூடாது என்று அவளுக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

"விளையாட்டுதான்" என்றாள்.

பெரிய டாக்டர் மேலே போனார். ஏதோ ஒரு கருவி சன்னமாக உறிஞ்சும் சத்தம் கேட்டது. அடுத்து ஏணி. "மேல... மேல போறது, நம்ம மச்சான்" என்றார் ரேடியோ. இதற்கும் மூச்சு வரவில்லை. இந்த முறை நர்ஸ் சிரிப்பதற்குள் புருவக்கா மைக்கில் கத்திவிட்டாள்.

"நிஜம். நிஜம், நிறுத்துங்க."

நிறுத்தினார்கள். மறுபடி தொட்டுப் பார்த்தார்கள். மறுபடியும் ஏணி வரவில்லை. காகிதத் துண்டு ஒட்டினார்கள். போதும், வேண்டிய அளவு எடுத்தாயிற்று, இத்தோடு மூடிவிடலாம் என்றார் பெரிய டாக்டர். வெளியே வந்து, "நல்ல நேரத்துல சொன்னீங்கம்மா" என்று கைகூப்பினார். அவளுக்கு ஓடிப்போய் எங்காவது ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

ரேடியோ பிழைத்துக்கொண்டார். கண் விழித்ததும் பேசினார். தலைக் கட்டைத் தொட்டுப் பார்த்து, "யாரு வெட்டினது, கோணலா இருக்கே" என்றார். வார்டே சிரித்தது. வலிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்தார், தையல் பிரித்தார்கள், தழும்பின் ஓரமாக முடி முளைத்தது, அப்போதும் வரவில்லை. வேகமாகப் பேசிப் பார்த்தார், மாடிப்படியில் நின்று கத்திப் பார்த்தார், தாடை துடிக்கவே இல்லை. கடைக்குப் போக ஆரம்பித்தார். ரேடியோ திரும்பப் பாட ஆரம்பித்துவிட்டது என்று தெருவே சந்தோஷப்பட்டது.

புருவக்கா மட்டும் பல்லில் நூலோடு கேட்டுக்கொண்டிருந்தாள்.

முன்பைவிட அதிகமாகவே நகைச்சுவை. ஒரு சாமானைக்கூடப் பேர் சொல்லிக் கேட்பதில்லை. பவுடர் டப்பா வேண்டுமென்றால் "அந்த வெள்ளை அழகியை எடு" என்பார். டவலுக்கு "கழுத்துக்காரன்". வாடிக்கையாளர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் இந்தப் பக்கம் கத்திரிச் சத்தம் நிற்பதில்லை, மூச்சும் வருவதில்லை. நகைச்சுவை மட்டும் வந்துகொண்டிருந்தது. ஒரு தடவை அவள் நூலைத் தவறவிட்டு, ஒரு பெண்ணின் புருவத்தில் நடுவே சின்னதாக ஒரு இடைவெளி விழுந்துவிட்டது.

கேட்டிருக்கலாம். சாப்பிடும்போது, ஏங்க, பேரெல்லாம் வருதா என்று ஒரு வார்த்தை. கேட்டால் அவர் ஆமாம் என்பாரோ இல்லை என்பாரோ, இல்லை என்றால் அது யாரால் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் வாயைத் திறக்கவில்லை. தண்ணீரை ஊற்றி வைத்தாள், அவர் சொன்னதற்கெல்லாம் சிரித்தாள், ராத்திரி முழுக்க விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

மறுபரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள். அதே அறை, அதே மேசை. டாக்டரம்மா சந்தோஷமாக இருந்தார். "வாங்க ரேடியோ சார், நீங்க வந்தாலே இங்க கலகலன்னு ஆயிடுது" என்று சொல்லிவிட்டுப் புதுப் படக்கட்டை எடுத்தார்.

முதலில் பூ. பூ என்றார். மீன், மீன் என்றார். அடுத்து ஒரு பூட்டு.

"கல்யாணம் ஆனதும் என் வாய்க்குப் போட்டது."

டாக்டரம்மா சிரித்துவிட்டுக் குறித்துக்கொண்டார். அடுத்து பம்பரம்.

"அதாவது, காசு குடுக்காத ஆளு என்னைப் பாத்தா இப்படித்தான் சுத்துவான்."

"உங்களைத் திருத்தவே முடியாது" என்றார் டாக்டரம்மா. அடுத்து விசிறி. "புழுக்கத்துல பொண்டாட்டியைவிட ஒசத்தி." அதற்கும் சிரிப்பு. ரேடியோவும் சிரித்தார். நெற்றியோரத்தில், தழும்புக்குக் கீழே, வேர்வை முத்து முத்தாக நின்றதை டாக்டரம்மா பார்க்கவில்லை. படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரொம்ப நல்லா இருக்கார்மா. இனிமே வரவேண்டிய அவசியமே இருக்காது" என்று சொல்லிக்கொண்டே டாக்டரம்மா படக்கட்டை மூடப்போனார். ரேடியோ நாற்காலியிலிருந்து பாதி எழுந்தாயிற்று. தப்பித்துவிட்ட அவசரம் அந்த எழுந்திருப்பில் தெரிந்தது.

"விளையாட்டு இல்ல" என்றாள் புருவக்கா.

"என்னம்மா?"

"இது எதுவுமே விளையாட்டு இல்ல டாக்டர். அவருக்குப் பேர் வரல. சுத்திச் சுத்திச் சொல்றாரு."

"ஏய், சும்மா இருடி" என்றார் ரேடியோ. குரலில் கெஞ்சல். "இவ ஒருத்தி டாக்டர், எனக்கு மேல ஜோக் அடிப்பா."

"இல்லீங்க. அன்னைக்கும் அது விளையாட்டு இல்ல." அவள் டாக்டரம்மாவை விட்டு அவர் பக்கம் திரும்பினாள். "கத்திரிக்கோலைக் காட்டினப்ப. எனக்குக் காதுல விழுந்துச்சு, தெரிஞ்சுது. எல்லாரும் சிரிச்சாங்கன்னு மாத்திச் சொல்லிட்டேன். தெரியலைன்னு சொல்லியிருந்தாக்கூட டாக்டர் இன்னொரு தடவை தொட்டுப் பாத்திருப்பாரு. நான்தான் உங்க பேச்சைப் போக்கிட்டேன்."

ரேடியோ மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. கோபப்படப் போகிறார் என்று அவள் நினைத்தாள். திட்டட்டும், அதற்காகத்தான் இத்தனை நாள் காத்துக்கொண்டிருந்தேன் என்றும் நினைத்தாள்.

"எனக்குத் தெரியாதா?" என்றார் அவர். "தேடினேன்டி. கையில தினம் பிடிக்கிற சாமான், பேர் வரல. வாயில நீதான் வந்தே. வரலைன்னு சொல்லத்தான் வாயைத் தொறந்தேன். அதுக்குள்ள எல்லாரும் சிரிச்சாங்க. சிரிச்சதும்..." கொஞ்சம் நிறுத்தினார். "சிரிச்சதும் விட்டுட்டேன். நானும் சேந்து சிரிச்சேன். அவங்க சிரிக்கிறப்ப நான் என்னைக்கு இல்லைன்னு சொல்லியிருக்கேன்?"

புருவக்கா அழுதுவிட்டாள். அவர் அவளைப் பார்க்காமல் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியே பார்த்துக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் அழுது அவள் பார்த்ததில்லை. குரலை மட்டும் கேட்டவளுக்கு, அவர் அழும்போது சத்தமே வராது என்பது புதிதாக இருந்தது.

டாக்டரம்மா தன் குறிப்பில் எழுதியதை எல்லாம் அடித்தார். கோபமில்லை. "நானும் சிரிச்சேன், அதனால என் மேலயும் தப்பிருக்கு" என்றார். "போனது எல்லாம் திரும்பும்னு சொல்லமாட்டேன். ஆனா பயிற்சி குடுத்தா நிறைய வரும், நான் பாத்திருக்கேன். ஒண்ணே ஒண்ணு. சுத்தி வளைக்கக் கூடாது. வரலைன்னா வரலைன்னு சொல்லணும். முடியுமா?"

ரேடியோ தலையை ஆட்டினார்.

டாக்டரம்மா ஒரு படத்தைக் காட்டினார். சீப்பு. அவர் அதைப் பார்த்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணி, வழக்கமான சிரிப்புக்கு வந்து, நின்றது. வலது கை தானாகத் தலைக்குப் போய்த் தழும்பின் ஓரமாக வாரிக் காட்டியது.

"தெரியல" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லைப் புருவக்கா கேட்டதில்லை. எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவர். அவளுக்கு நெஞ்சு வலித்தது, கூடவே ஒரு நிம்மதியும் வந்தது. இரண்டும் ஒன்றாக வந்தன.

"சீ..." என்று ஆரம்பித்துக் கொடுத்தார் டாக்டரம்மா.

ரேடியோ அவர் உதட்டையே பார்த்தார். "சீ" என்றார். "சீ... சீப்பு."

"அருமை. இது மாதிரி எல்லாத்துக்கும் நாங்க எடுத்துக் குடுக்கமாட்டோம். முதல்ல நீங்களாத் தேடணும். எவ்வளவு நேரம் ஆனாலும் சரி. அம்மா, நீங்களும்தான், வீட்டுல சொல்லிக் குடுத்துடக் கூடாது. நீங்க சொன்னா அவர் தேடமாட்டார்."

அடுத்த படம் மேசைக்கு வந்தது. வாளி. சுலபமான சொல். ரேடியோவின் கண் படத்தில் ஓடியது, சுவருக்குப் போனது, திரும்பப் படத்துக்கு வந்தது. உதடு குவிந்தது, பிரிந்தது. தொண்டை ஏறி இறங்கியது. நெற்றியில் மறுபடி வேர்வை. அவர் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். ஒரு எழுத்தாவது கொடு என்று கேட்கிற பார்வை.

சொல் அவள் நாக்கு நுனியில் இருந்தது. புருவக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தாள்.